இராயவரமும் அரிமளமும்: குழந்தைகளுக்காக ஏன் எழுதுகிறார்கள்?

திருமயம் வட்டாரத்தில் இராயவரம், அரிமளம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். 'சக்தி' வை. கோவிந்தன் 1912-இல் இராயவரத்தில் பிறந்தார். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் அதே இராயவரத்தில். வாண்டுமாமா என்ற பெயரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அறிந்த வி. கிருஷ்ணமூர்த்தி 1925-இல் அரிமளத்தில். அதற்கடுத்த ஆண்டு தேவகோட்டையில் தமிழ்வாணன். ஒருவர் பதிப்பாளர், ஒருவர் பாட்டெழுதியவர், ஒருவர் கதைசொல்லி, ஒருவர் பத்திரிகைக்காரர். நால்வரும் சின்னப் பிள்ளைகளையும் இளவட்டங்களையும் மனத்தில் வைத்து உழைத்தவர்கள். வட்டிக்கணக்குக்கும் கடல் கடந்த வணிகத்துக்கும் பேர்போன செட்டிநாட்டுச் சீமையில் பதினைந்து ஆண்டுக்குள் இத்தனை பேர் எப்படிப் பிறந்து வந்தார்கள்?

இதற்குப் பதில் தேடினால் இன்னொரு கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். எழுதத் தெரிந்த ஒருவர், பெரியவர்களுக்கு எழுதிப் பேரும் புகழும் தேடிக்கொள்ள வழியிருக்கும்போது, ஏன் குழந்தைகளுக்காக உட்கார்ந்து மனசு வைத்து எழுதுகிறார்?

பணத்துக்காக என்று யாரும் சொல்லமாட்டார்கள். வள்ளியப்பா 1941-இல் இந்தியன் வங்கியில் சேர்ந்து 1982 வரை அங்கே வேலை பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அவர் எழுதியதெல்லாம் வங்கி வேலை போக மிஞ்சிய நேரத்தில். புகழுக்காக என்பதும் பொருந்தாது. சாகித்திய அகாதெமி பெரியவர்களின் இலக்கியத்துக்கு 1955-இலிருந்து விருது கொடுத்து வருகிறது. குழந்தை இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் வந்தது 2010-இல்தான். இடையில் ஐம்பத்தைந்து ஆண்டு. பரிசுத் தொகையும் பெரியவர்கள் விருதில் பாதி, ஐம்பதாயிரம் ரூபாய். தமிழில் முதல் விருது மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்குக் கிடைத்தபோது, ஒரு வாழ்நாள் முழுக்க இதற்காகவே உழைத்த வள்ளியப்பா மறைந்து இருபத்தொரு ஆண்டு ஆகியிருந்தது. இன்றைக்கும் இலக்கிய விமர்சனம் எழுதுகிறவர்கள் தமிழ் இலக்கிய வரலாற்றைச் சொல்லும்போது குழந்தை நூல்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் பெரிது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். ஒரு மொழியில் முதன்முதலாக ஒருவர் வாசித்து மகிழ்வது அந்த நூல்களைத்தான்.

சரி, பணமும் இல்லை, புகழும் இல்லை. அப்புறம் என்ன?

செட்டிநாட்டில் பிள்ளைப் பருவம் எப்படி இருந்தது என்று பார்க்கவேண்டும். இங்குள்ள வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டுப் பையன் எழுத்து கற்கும்போதே எண்ணும் கற்றான். அந்த எண்ணும் ஒன்று, இரண்டு என்று நின்றுவிடாது. மாகாணி, காணி, முந்திரி என்று பின்னங்கள் மனப்பாடமாக வரவேண்டும். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. வட்டி கணக்கிட அது வேண்டும். மீசை அரும்புவதற்கு முன்பே பல பையன்கள் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேறினார்கள். அங்கே வட்டிக்கடை நடந்த கிட்டங்கியில் கடைநிலைப் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, பிறகு அடுத்தாளாகி, பிறகு மேலாளாக வேண்டும். 'கொண்டுவிக்கப் போவது' என்று இங்கே சொல்வார்கள். ஒரு முறை போனால் மூன்று ஆண்டுக் கணக்கு. அதுவரை வீடு திரும்ப முடியாது.

போகாமல் வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு அப்பச்சி, அதாவது அப்பா, ஊரில் இல்லை. பிறந்த பிள்ளையை அப்பச்சி முதன்முதலாகப் பார்க்கும்போது அது நடக்கத் தொடங்கியிருக்கும். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அந்தப் பெரிய வீடுகளில், முகப்பு தாண்டி, வளவு என்ற உள்முற்றத்துக்குள் போனால், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு 'புள்ளி', தனித்தனி அடுப்பு. வீட்டு ஆண்களில் பாதிப்பேர் கடலுக்கு அப்பால். வளவில் இருந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான். அப்பத்தாவும் ஆயாவும் சொன்ன கதைகளும், ஆத்தா பாடிய தாலாட்டுகளும் அங்கேதான் வளர்ந்தன. செட்டிநாட்டுத் தாலாட்டில் கப்பலும் சீமைப் பொருளும் வருவதும், அம்மான் கொண்டுவந்த சீர் வரிசையாக வருவதும், கடல் கடந்து போனவர்களின் பெயரைக் குழந்தையின் காதில் போட்டுவைக்க அந்தப் பெண்களிடம் இருந்த வழி.

பிள்ளை கூட்டுகிற வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு இன்னொரு வீட்டுப் பையனைத் தத்து கொடுப்பார்கள். சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையா என்ற பையன் ஏழாயிரம் ரூபாய்க்குக் காரைக்குடியில் ஒரு வீட்டுக்குத் தத்துப் போய் நாராயணன் ஆனான்; பிறகு கண்ணதாசன் ஆனான். நல்ல சாப்பாடு, நல்ல துணி, நல்ல வீடு எல்லாம் கிடைக்கும். பழைய பெயர் மட்டும் கிடைக்காது. இதையெல்லாம் கொடுமைக் கதையாக நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு நியாயமும் தேவையும் இருந்தன. ஆனால் அந்தப் பையனின் மனசுக்குள் என்ன ஓடியது என்று கேட்க அன்றைக்கு ஒரு புத்தகம் இல்லை. அவன் கையில் இருந்தவை வாய்ப்பாடும் நிகண்டும் நீதி நூலும்.

பிள்ளைகளுக்காக மனசு வைத்து எழுதுகிற பலரிடம் நான் காண்பது இதைத்தான்: தன் சின்ன வயதில் துணையாக ஒரு புத்தகம் இருந்திருக்கலாமே என்று நினைக்கிறார்கள், அதைத் தன் காலத்துப் பிள்ளைக்கு எழுதித் தருகிறார்கள். வள்ளியப்பா இன்ன காரணத்துக்காகத்தான் எழுதினார் என்று அவர் மனத்துக்குள் புகுந்து சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அவர் எழுதியவற்றைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போதும் அவர் தேடிப்போனது அவர்களின் பிள்ளைப் பருவத்தை. 'சின்னஞ்சிறு வயதில்' என்றே ஒரு நூல். காந்தியின் கதையைப் பாட்டாக்கித் தந்ததும் அந்த வழியில்தான். தலைவர்களும் ஒரு காலத்தில் பயந்தவர்கள், அழுதவர்கள், சேட்டை செய்தவர்கள் என்று தெரியும்போது, வாசிக்கிற பிள்ளைக்கு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இது ஒரு காரணம். இது மட்டும் இருந்தால் எழுதும் ஆசை வரும், புத்தகம் வராது. புத்தகத்துக்கு அச்சு வேண்டும், காகிதம் வேண்டும், முதல் போட ஒருவர் வேண்டும், வாங்க ஆள் வேண்டும். செட்டிநாட்டுக்கு அங்கேதான் ஒரு தனி வாய்ப்பு இருந்தது.

பாரதி 1915-இல் பாப்பா பாட்டை எழுதியது தமிழில் ஒரு புதுக் கதவு. ஆத்திசூடி கட்டளையிடும், அந்தப் பாட்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியது. அதே பாரதி 1919-இல் செட்டிநாட்டுக்கு வந்தார். கானாடுகாத்தானில் வயி.சு. சண்முகனார் வீட்டில் தங்கினார். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குப் போனார். அங்கே எடுத்த படம் இன்றும் புகழ்பெற்றது. காந்தி 1927-இல் இந்த ஊர்களைச் சுற்றினார். கடல் கடந்து சம்பாதித்த காசில் பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் பத்திரிகைகளும் தொடங்கின. மேலைச்சிவபுரியில் 1909-லேயே சன்மார்க்க சபை எழுந்துவிட்டது. வள்ளியப்பா பிறந்த காலத்தில் வட்டிச் சிட்டையும் கவிதையும் ஒரே வீட்டில் புழங்கின.

இந்த இடத்தில் வை. கோவிந்தனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அவரும் பர்மாவுக்குப் போய்த் தொழில் கற்றவர். திரும்பி வந்து, 1939-இல் சென்னையில் 'சக்தி' இதழைத் தொடங்கினார். காசு போட்டால் காசு வரவேண்டும் என்ற கணக்கில் வளர்ந்த ஒருவர், நல்ல நூலை மலிவாகத் தருவதில் தன் முதலை எல்லாம் போட்டார். 1957-இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு அவர் கொடுத்ததை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. பிள்ளைகளுக்கும் 'அணில்', 'பாப்பா' என்று இதழ்கள் நடத்தினார். பர்மா 1942-இல் ஜப்பானியர் கைக்குப் போனபோது, செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகளின் சொத்து அங்கேயே நின்றுபோனது. இத்தனை தலைமுறை சேர்த்தது ஒரு படையெடுப்பில் போகும் என்று கண்ணால் பார்த்த ஊர் இது. அதற்குப் பிறகும் ஒருவர் குழந்தைப் பத்திரிகையில் பணம் போடுகிறார் என்றால், அவர் எதை நிலையான சொத்து என்று நினைத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. கடைசிவரை அவர் கையில் காசு தங்கவில்லை. 1966-இல் காலமானார்.

அந்த 'சக்தி' காரியாலயத்துக்குத்தான் இராயவரத்து இளைஞர் வள்ளியப்பா வேலைக்கு வந்தார். அங்கே ஆசிரியராக இருந்த தி. ஜ. ர. அவரை எழுதத் தூண்டினார். அதிலிருந்து நாலைந்து ஆண்டுக்குள், 1944-இல், 'மலரும் உள்ளம்' வெளிவந்தது. ஓர் இளம் எழுத்தாளர் குழந்தைகளுக்கு எழுத நினைக்கும்போது, 'எழுது, போடுகிறேன்' என்று சொல்ல ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! நல்ல குழந்தை நூல்கள் கூட்டமாக வருகிற காலங்களை எடுத்துப் பாருங்கள், பின்னால் இப்படி ஒரு பதிப்பாளரோ பத்திரிகை ஆசிரியரோ நிற்பார்.

பக்கத்தில் புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். நாற்பதுகளில் அங்கிருந்து குழந்தைப் பத்திரிகைகள் அடுத்தடுத்துப் புறப்பட்டன. சின்ன அளவு, சில பக்கம், சில காசு விலை. பல நீடிக்கவில்லை. ஆனாலும் எழுதிப் பழக ஒரு களம் இருந்தது. அந்தத் தலைமுறை எழுத்தாளர்கள் சிதறிக் கிடக்கக்கூடாது என்றுதான் வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். அது சேர்ந்து பேசவும், ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துச் சொல்லவும், புத்தகக் கண்காட்சி வைக்கவும் ஓர் இடமானது. பின்னாளில் 'பூஞ்சோலை', 'கோகுலம்' ஆகிய இதழ்களுக்கும் ஆசிரியப் பொறுப்பு ஏற்று, புதிதாக எழுத வந்தவர்களை வளர்த்தார். ஒருவர் மட்டும் உருகி எழுதினால் போதாது, உருகி எழுதுகிறவர்கள் பலர் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நெஞ்சைத் தொடும் நூல் என்று சொல்கிறோமே, அது பக்கத்தில் எப்படித் தெரிகிறது? அழவைக்கும் கதை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு நீதி இருக்கவேண்டும் என்றும் நினைக்கிறார்கள். வள்ளியப்பாவின் நல்ல பாடல்களில் இரண்டும் இருக்காது. தட்டில் லட்டு இருக்கும், மாம்பழம் இருக்கும், அணில் இருக்கும். சின்னச் சின்ன அடி. ஒரே மூச்சில் பாட வரும். எதுகை தானாக வந்து விழுந்ததுபோல் இருக்கும். அப்படி விழவைப்பதற்கு எத்தனை முறை அடித்துத் திருத்தவேண்டும் என்பது ஒரு நாலடிப் பாட்டாவது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'பாட்டு எனக்குத் தெரியும்' என்ற பெருமிதம் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த எதுகையால் வருகிறது. பிள்ளையை மதிக்கிற எழுத்து என்று நான் அதைத்தான் சொல்வேன். 'நீ நல்லவனாக இரு' என்று சொல்வதைவிட, 'நீ கெட்டிக்காரன்' என்று பிள்ளையே தன்னை உணரவைப்பது கடினமான வேலை.

வாண்டுமாமா வேறு வழியில் போனார். சாகசம், வரலாறு, மந்திரம், விஞ்ஞானம் என்று எல்லாவற்றையும் ஒரு மாமா வந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோலச் சொன்னார். 'கோகுலம்', பிறகு 'பூந்தளிர்' என்று அவர் கை பட்ட இதழ்களைக் கட்டிப்பிடித்து வாசித்த தலைமுறை இன்று தாத்தா பாட்டி ஆகிக்கொண்டிருக்கிறது. புரியாது என்று எதையும் அவர் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவைக்கவில்லை. புரியும்படி சொல்வது எழுதுகிறவரின் கடமை என்று எடுத்துக்கொண்டார். 2014-இல் அவர் மறைந்தபோது, அவரை ஒருமுறையும் நேரில் பார்த்திராத எத்தனையோ பேர் சொந்த மாமா போன மாதிரி வருந்தினார்கள்.

தமிழ்வாணனை இந்த வரிசையில் வைப்பதைச் சிலர் ஒப்பமாட்டார்கள். அவர் துப்பறியும் கதை எழுதியவர், 'கல்கண்டு' நடத்தியவர், கேள்வி பதில் சொன்னவர். நான் வைப்பேன். தேவகோட்டை மாதிரி ஓர் ஊரில், ஆங்கிலம் சரளமாக வராத, வெளியூர் போகப் பயப்படுகிற பதினைந்து வயதுப் பையனுக்கு 'துணிவே துணை' என்ற அவருடைய இரண்டு சொல் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கும் பெரியவனுக்கும் நடுவில் நிற்கிற அந்த வயதுக்குத் தமிழில் எழுதியவர்கள் மிகக் குறைவு. இன்றும் குறைவுதான். அந்த வயதில்தான் ஒரு பிள்ளை புத்தகத்தை விட்டு விலகுகிறது. அதனால் அந்த வயதுக்கு எழுதுகிறவர்கள் செய்வது பெரிய வேலை.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தலைமுறையின் நூல்களில் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற, வீட்டில் புத்தகம் வாங்கித் தருகிற பிள்ளைகள். செட்டிநாடு என்பது வளவு வீடுகள் மட்டும் இல்லை. கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்த பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்களின் பிள்ளைகள், தரைக்கு ஆத்தங்குடிக் கல் வார்த்தவர்களின் பிள்ளைகள், தேர் இழுக்கவும் தெருவுக்குள் வரவும் தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் அன்று அச்சாகவில்லை. துணையாக ஒரு புத்தகம் இல்லாமல் போன ஏக்கம் அவர்கள் வீட்டில் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

இன்றைக்கு எழுதுகிறவர்களில் பலர் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். தங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். இரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்த உதயசங்கர், கீழடியை வைத்து எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கீழடி, காரைக்குடி இருக்கிற அதே சிவகங்கை மாவட்டம். ஆதன் என்பது அங்கே பானை ஓட்டில் கிடைத்த பெயர். தன் ஊருக்குப் பக்கத்தில், தன் மாவட்ட மண்ணுக்கு அடியில், தன் வயதுப் பிள்ளை ஒன்று ஒரு காலத்தில் விளையாடியிருக்கும் என்று திருப்புவனத்திலோ தேவகோட்டையிலோ ஒரு பிள்ளை நினைத்துப் பார்க்க முடிகிறது. அரண்மனைக் கதை தராத ஒன்றை இது தருகிறது.

வள்ளியப்பாவைப் போலவே இவர்களும் வேறு வேலையில் சம்பளம் வாங்குகிறவர்கள். சில நூறு படிகள் அச்சிட்டு, அவை விற்கப் பல மாதம் காத்திருக்கிறார்கள். அதற்கு நடுவிலும் விடாமல் எழுதுவதன் காரணத்தை அவர்களோடு பேசுகிறவர்கள் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை எழுந்து, 'அந்த ஆட்டுக்குட்டி அப்புறம் என்னாச்சு?' என்று கேட்டிருக்கும். பெரியவர்கள் நூலைப் பாராட்டுவார்கள், விமர்சிப்பார்கள். கதைக்குள் இருக்கிற ஆட்டுக்குட்டியின் நலம் விசாரிக்க ஒரு பிள்ளையால்தான் முடியும். அப்படி நம்பி வருகிற வாசகரிடம் அரைமனதாக எழுதிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. எழுத்து ஆழமாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தைப் புத்தகம் நீடிக்காது. பிள்ளைகள் கையில் கிழியும், மடங்கும், கிறுக்கப்படும், தம்பி தங்கைக்குப் போய் அங்கே காணாமல் போகும். பெரியவர்களின் நூல் அலமாரியில் நிற்கும். நன்றாக வாசிக்கப்பட்ட குழந்தை நூல் நிற்காது. இந்த நூல்களும் இதழ்களும் எத்தனையோ சுவடில்லாமல் போய்விட்டன. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, அவசியமில்லை என்று மற்றவர்கள் தள்ளிய அச்சுத் தாள்களைக்கூட வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்புதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. பழைய தமிழ் இதழ்களைத் தேடுகிறவர்கள் இன்று அங்கே போகிறார்கள்.

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் இப்போது சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. சில பக்கம், ஒரு கதை, பக்கத்துக்குப் பக்கம் படம். நாற்பதுகளில் புதுக்கோட்டையிலிருந்து சில காசுக்குப் போன அந்தச் சிறு இதழ்களின் அளவுதான் இதுவும். ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் காசு இருந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே புத்தகம் போய்ச் சேர்ந்தது. இராயவரத்திலும் அரிமளத்திலும் இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிற எந்தப் பிள்ளையும் காசு கொடுக்காமல் அதை எடுத்து வாசிக்கலாம். இவற்றை எழுதுகிறவர்களுக்கு உரிய பணத்தையும் நேரத்தையும் நாம் இன்னும் கொடுக்கவில்லை. குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகங்களில் பாடமாக வேண்டும் என்று வள்ளியப்பா வாதாடினார். பெரும்பாலான இடங்களில் அது இன்றும் ஏதோ ஒரு தாளில் ஓர் அலகாக மட்டும் இருக்கிறது.